டமாஸ்கஸ் மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்கும் பெங்களூர்த் தமிழருக்கு: பணம் கட்டும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

அல்சூரில் உள்ள என் வீட்டு மேசை இழுப்பறையில் இன்று பதினொரு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அவற்றுள் முதலில் வாங்கிய இரண்டும் எனக்குப் பாடம் கற்பித்தவை. ஒன்றின் அலகில், டமாஸ்கஸ் எஃகின் அடையாளமாக ஆற்று நீர் நெளிவதுபோல் தெரிந்த கோலம், மூன்றாம் மாதத்தில் ஓரிடத்தில் தேய்ந்து மறைந்தது. மற்றொன்று உண்மையான கத்திதான், ஆனால் ஐந்து வாரம் சுங்கத்தில் கிடந்து, விலையில் பாதிக்கு மேல் வரியும் கட்டணமும் வாங்கிக்கொண்டுதான் என் கைக்கு வந்தது. இரண்டிலும் நான் செய்த பிழை ஒன்றே: கோலத்தில் மயங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு, அளவையும் தாள்களையும் அதன் பிறகு விசாரித்தேன். கீழே உள்ள வரிசையில் சென்றால் உங்களுக்கு அந்த அலைச்சல் இராது.

1. முதலில் சட்டத்தின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, ஐந்தாம் பிரிவு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதங்களின் வரிசையில் வைக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் சேரா. மடக்குக் கத்திகளின் அலகு பெரும்பாலும் 7 முதல் 10 செ.மீ. வரையே இருப்பதால், இந்த அளவை நாம் எட்டுவதே இல்லை என்று பலர் நிம்மதியாக நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேதான் முதல் பொறி இருக்கிறது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிகளுக்கென்று தனி அறிவிக்கை வெளியிட்டு வேறு வகைக் கத்திகளையும் உரிமத்துக்குள் கொண்டுவர இடம் தருகிறது. தில்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை அப்படிப்பட்டது: சுருள்வில்லாலோ பட்டனாலோ வேறு எந்த இயந்திர அமைப்பாலோ திறக்கும், மூடும் கத்திகளின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது பொருந்தும். பெங்களூரில் வாங்கிய கத்தியைத் தில்லியிலுள்ள தங்கை வீட்டுக்கு எடுத்துச் செல்ல நான் ஒருமுறை ஆயத்தமானேன். புறப்படுவதற்கு முந்தைய இரவு அளந்து பார்த்தபோது அலகு 8.4 செ.மீ. இருந்தது, கத்தி வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆகவே என் சொந்த விதி இது: பட்டனை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், இருபுறமும் கூர்மை உள்ளதும் வேண்டாம், பயணத்தில் எப்போதாவது எடுத்துச் செல்லக்கூடும் என்று நினைப்பதை 7.5 செ.மீ.க்குள்ளேயே வாங்குவது. பெங்களூர் நிலவரத்தில் ஐயம் இருந்தால், இன்பேன்ட்ரி ரோட்டிலுள்ள காவல் ஆணையர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் அலகின் அளவையும் படத்தையும் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

2. எந்த எஃகு என்று பெயர் சொல்லி வாங்குங்கள்

இன்று டமாஸ்கஸ் என்று விற்கப்படுவதில் மிகப் பெரும்பகுதி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எஃகுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்ட வைத்த அடுக்கு எஃகு. பழைய தென்னிந்திய உருக்கு எஃகு வேறு. விற்பவர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், கதைக்கும் சேர்த்து விலை வைக்கிறார் என்று கொள்ளுங்கள்.

அடுக்கு எஃகில் சேகரிப்பவருக்குப் பயன்படும் பிரிவினை ஒன்றுதான்: துருப்பிடிப்பதா, பிடிக்காததா. துருப்பிடிக்கும் வகையில் பரவலான சேர்க்கை 1095, 15என்20 என்னும் இரண்டு எஃகுகள். 15என்20-இல் ஏறக்குறைய 2 சதவீதம் நிக்கல் இருப்பதால், அலகை முடிவில் தோய்க்கும் அமிலத்தில் அது வெளுப்பாகவே நிற்கும், 1095 கறுத்துப்போகும். கோலம் என்று நாம் பார்ப்பது இந்தக் கறுப்பு வெள்ளைதான். துருப்பிடிக்காத வகையில், சுவீடனின் டமாஸ்டீல் நிறுவனம் உலோகத் தூளிலிருந்து செய்யும் எஃகு உயர்ந்த விலையில் நிற்கிறது. விக்டோரினாக்ஸ் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் டமாஸ்ட் பதிப்புகளில் அதுதான் உள்ளது. ஜப்பானின் செக்கி நகரத்து எம்கஸ்டா போன்றவை, நடுவில் விஜி-10 எஃகை வைத்து இருபுறமும் மென்மையான அடுக்குகளைப் போர்த்துகின்றன. இவ்வகையில் வெட்டுவது நடு எஃகு. கோலம் போர்வையில் மட்டும்.

முதல் கத்திக்கு இந்த ஜப்பானிய வகையையே சொல்வேன். பெங்களூர் மழையை அது தாங்கும், விலையும் நடுத்தரம். துருப்பிடிக்கும் கார்பன் வகையின் கறுப்பு வெள்ளை இதைவிடப் பன்மடங்கு அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது வாரந்தோறும் கவனிப்பைக் கேட்கும்.

அடுக்குகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு மயங்காதீர்கள். அடுக்கு கூடினால் கத்தி கூராகிவிடாது; ஐந்நூறு, ஆயிரம் என்று போகப்போகக் கோடுகள் நுணுகிக் கண்ணுக்கே மங்கலாகிவிடும். விலையைக் கூட்டுவது கோலம் எடுக்கும் வேலை. முறுக்குக் கோலத்துக்குக் கம்பியைச் சூடாக முறுக்க வேண்டும். ஏணிக் கோலத்துக்குக் குறுக்கே பள்ளம் வெட்டித் தட்டையாக்க வேண்டும். மழைத்துளிக் கோலத்துக்குக் குழிகள் இட்டு அடிக்க வேண்டும். இறகுக் கோலத்தில் அடுக்கிய கட்டியையே நடுவில் பிளந்து மீண்டும் ஒட்டுகிறார்கள்; அங்கே ஒட்டு தவறினால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் போய்விடும் என்பதால் அதன் விலை ஏறுவது நியாயமே.

3. அச்சிட்ட கோலத்தை அடையாளம் காணுங்கள்

என்னை ஏமாற்றியது இதுதான். சாதாரண எஃகின் மேல் லேசராலோ அமிலத்தாலோ மேலோட்டமாகக் கோலம் பதித்து விற்கிறார்கள். படத்தில் வேறுபாடு தெரியாது. அதனால் விற்பவரிடம் முதுகுப்புறத்தின் படத்தைக் கேளுங்கள். உண்மையான அடுக்கு எஃகில் பக்கத்தில் ஓடும் கோடுகள் முதுகின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். பதித்த கோலமோ முதுகின் விளிம்போடு நின்றுவிடும், அல்லது முதுகு மொட்டையாக இருக்கும். இருபக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் அச்சு அசலாக ஒரே கோலம் இருந்தாலும் ஐயப்படுங்கள். போர்வை வகையில் வெட்டும் விளிம்பை ஒட்டிக் கோலமற்ற ஒரு பட்டை தெரிவது இயல்பு. அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

கத்தி கைக்கு வந்த பின் உறுதி செய்ய வழி உண்டு, ஆனால் திருப்பி அனுப்பும் காலம் முடிந்த பிறகே செய்யத்தக்கது. அலகின் அடிப்பகுதியில் 2000 எண் உப்புத்தாளால் நகத்தளவு இடத்தைத் தேய்த்து, ஃபெரிக் குளோரைடு கரைசலைத் துளியாக வைத்தால், அடுக்கு எஃகில் மங்கிய கோலம் மீண்டும் எழும். பதித்ததில் எதுவும் வராது. இந்த ஃபெரிக் குளோரைடுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. மின்னணுச் சுற்றுப் பலகை அரிப்பதற்கென்று எஸ்.பி. ரோட்டில் உள்ள உதிரிபாகக் கடைகளில் விற்பதே போதும். கையுறை அணியுங்கள், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தையே பயன்படுத்துங்கள், முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவுங்கள். மிச்சத்தை வீட்டுத் தொட்டியில் ஊற்றினால் உலோகக் குழாய் அரிபடும்; கறை பட்ட தரையும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. துருப்பிடிக்காத வகையில் இந்தச் சோதனை சரியாக நடக்காது.

4. விற்பவரிடம் எழுத்தில் பெறுங்கள்

பணம் அனுப்பும் முன் நான் ஒரே கடிதத்தில் கேட்பவை: எஃகுகளின் பெயர், நடு எஃகு உண்டா, ராக்வெல் கடினம் எவ்வளவு, அலகின் நீள அகலம், திறந்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டின் வகை, கைப்பிடி எதனால் ஆனது, எந்த நாட்டில் செய்யப்பட்டது. கடினத்துக்கு 58 முதல் 61 வரை ஒரு எண் வந்தால் சரி. 'உயர்தர டமாஸ்கஸ், 256 அடுக்கு' என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடிதத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

செய்யப்பட்ட நாடு என்ற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். உலகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டமாஸ்கஸ் கத்திகளில் பெரும்பகுதி பாகிஸ்தானின் வசீராபாத்தில் செய்யப்படுகிறது. 2025 மே 2 அன்று வெளியான அறிவிக்கை, பாகிஸ்தானில் உற்பத்தியான எந்தப் பொருளையும் நேராகவோ வேறு நாட்டின் வழியாகவோ இந்தியாவுக்குள் கொண்டுவருவதைத் தடை செய்தது. அமெரிக்க முகவரியிலிருந்து வரும் பார்சலானாலும், உள்ளே இருப்பது பாகிஸ்தானில் செய்யப்பட்டது என்றால் தடை பொருந்தும். கத்தி பறிபோவதோடு பணமும் திரும்பாது. அந்தக் கொல்லர்களின் கைத்திறனைக் குறை சொல்லும் பேச்சு இது அன்று.

கைப்பிடியும் அப்படியே. தந்தமும் கடமான் கொம்பும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. அயல்நாட்டு விற்பனையாளர் 'ஸ்டாக்' என்று எழுதினால் அது மான் கொம்பு. எந்த மான் என்று விசாரித்து வாதாடுவதைவிட மரமோ, பிசினில் தோய்த்த துணி அடுக்கான மைகார்டாவோ, கார்பன் இழையோ உள்ளதைத் தேர்ந்தெடுப்பது எளிது.

5. முழுச் செலவையும் முன்பே கூட்டுங்கள்

ஜப்பானியப் போர்வை வகை ஏறக்குறைய 100 முதல் 250 டாலரில் கிடைக்கும். தனிக் கைவினைஞர் செய்யும் கத்தி 500 டாலரில் தொடங்கி எங்கும் போகலாம். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள். விலைக்கு மேல் அனுப்பும் கட்டணம், அட்டையில் அயல்நாட்டுப் பணத்துக்கு வங்கி எடுக்கும் 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி, சுங்க வரி, கூரியர் நிறுவனம் தன் வேலைக்கென்று போடும் கட்டணம் ஆகியவை வரும். சுங்க வரி கத்தியின் விலை மேல் மட்டுமன்றி, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மொத்தத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. வரி வீதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியது என்பதால், நான் கத்தி விலையில் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டே வாங்குகிறேன். மிஞ்சினால் எண்ணெய் வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைத்து ரசீதோடு கொண்டுவந்தால் இவற்றுள் சில குறையும். கைப்பையில் வைத்துவிடக் கூடாது என்பதை மூன்று முறை சொல்லுங்கள். என் அத்தை மகனுக்கு இரண்டு முறை மட்டும் சொன்னேன். கத்தி விமான நிலையச் சோதனையிலேயே நின்றுவிட்டது.

6. சுங்கத்துக்கான தாள்களைப் பார்சல் கிளம்பும் முன் ஆயத்தமாக்குங்கள்

என் ஐந்து வாரத்துக்குக் காரணம் ஒரு சொல். விற்பவர் எனக்கு நன்மை செய்வதாக எண்ணிப் பார்சல் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதி, விலையையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் போட்டிருந்தார். கூரியர், அஞ்சல் வழியே வரும் அன்பளிப்புகளுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே விலக்கு. குறைத்த விலையோ அதைவிடக் கேடு. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, தவறாக அறிவித்த பொருளைப் பறிமுதல் செய்ய இடம் தருகிறது. அதை மீட்க அபராதம் கட்ட வேண்டிவரும். ஆகவே விற்பவருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள்: உண்மை விலை, 'வீட்டுப் பயன்பாட்டுக்கான மடக்குப் பேனாக்கத்தி' என்ற விவரம், சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் தீர்வை எண் 8211 93. இந்த எண் நிலையான அலகு இல்லாத கத்திகளுக்கு உரியது. போர், படை, குத்துவாள் போன்ற விளம்பரச் சொற்கள் அந்தத் தாளில் ஒன்றும் இருக்கக் கூடாது. 9307 என்ற வாள், ஈட்டி வரிசைக்குள் கத்தி தள்ளப்பட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

உங்கள் பக்கம் இருக்க வேண்டியவை:

விற்பவரின் ரசீது; அதே தொகை தெரியும் அட்டைக் கணக்கு நகல்; கத்தியின் அளவு காட்டும் விவரப் பக்கத்தின் அச்சு நகல்; ஆதார், பான் அல்லது கடவுச்சீட்டு.

இந்தக் கடைசி வரியில்தான் பெங்களூர்த் தமிழர் பலர் சிக்குகிறோம். ஆதாரில் சேலம் முகவரி, பார்சலில் அல்சூர் முகவரி என்றால், கூரியர் நிறுவனம் இப்போதைய முகவரிக்குச் சான்று கேட்கும். மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும்; எனவே கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தை முன்பே படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தம் பதினொரு மாதம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. அதற்கே ஒரு வாரம் போயிற்று. தாமதமாகும் நாள்களுக்குக் கிடங்குக் கட்டணம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காலக் கணக்கு என் அனுபவத்தில் இப்படி: தாள்கள் சரியாக இருந்தால் கூரியரில் ஏழு முதல் பத்து நாள், அஞ்சலில் மூன்று முதல் ஐந்து வாரம். கூரியர் விரைவு, ஆனால் கட்டணம் கூடுதல். அஞ்சலில் வந்தால் வரியைத் தபால்காரரிடமே கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். பார்சலை எதிர்பார்த்திருக்கும் நாள்களில் 'சுங்க வரி நிலுவை' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். பார்சலைப் பின்தொடரும் எண்ணை நீங்களே கூரியரின் தளத்தில் இட்டுப் பார்த்து, அங்கே தொகை தெரிந்தால் மட்டும் கட்டுங்கள்.

7. பெட்டியைத் திறக்கும்போது படம் எடுங்கள்

பிரிக்காத பார்சலிலிருந்து தொடங்கி வெட்டில்லாத ஒரே காணொளியாக எடுங்கள். பிறகு அலகை மூடி, அது கைப்பிடியின் நடுவில் அமர்கிறதா என்று பாருங்கள். திறந்து பூட்டியபின் மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. கண்ணாடி வில்லையால் அலகை நோக்கினால், கோலத்தின் நெளிவோடு சேராமல் மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஒன்று தனியே ஓடக்கூடும். அடுக்குகள் அங்கே ஒட்டவில்லை என்று பொருள். குறிப்பாக வெட்டும் விளிம்பை அது தொட்டால் அன்றே திருப்பிவிடுங்கள். கோலம் சற்று மங்கலாக இருப்பது எண்ணெய்ப் பூச்சினால் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

8. நம் வீட்டுப் பழக்கங்களிலிருந்து காப்பாற்றுங்கள்

கார்பன் வகையை ஆயுத பூஜைக்கு வைக்காதீர்கள். என் அம்மா மிகுந்த அன்போடு என் முறுக்குக் கோலக் கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை அதன் நுனியில் குத்தி இரவு முழுக்க விட்டார். காலையில் பழச்சாறு இறங்கிய இடமெல்லாம் கரும்புள்ளி. அமிலம் 1095-ஐ அரித்துவிட்டது. அந்தப் பகுதியை முழுவதும் மெருகிட்டு மறுபடி கோலம் எழுப்ப வேண்டியதாயிற்று. இப்போது பூஜையில் பெட்டி மட்டும் உட்காருகிறது, பொட்டும் பெட்டிக்கே.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் அச்சுத் திருகைச் சுற்றிக் கட்டியாகிக் கத்தி திறக்க மறுக்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் போதுமானது. அலகால் பழம் நறுக்குவீர்கள் என்றால் உண்ணத்தகு தரமுள்ள கனிம எண்ணெயைப் பயன்படுத்துங்கள். ஒரு துளியைப் பஞ்சில் எடுத்துத் தடவி, கண்ணுக்குத் தெரியாத படலம் மட்டும் நிற்குமாறு துடைத்துவிடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை கார்பன் கத்திகளை வாரம் ஒருமுறையும் மற்றவற்றை மாதம் ஒருமுறையும் திறந்து பாருங்கள். தோல் உறையில் வைத்துப் பூட்டக் கூடாது. பதனிட்ட தோலின் உப்பும் ஈரமும் சேர்ந்து அலகில் துருவை ஏற்றும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். அவர் கை அரிவாள்மணைக்குப் பழகியது. உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் மெல்லிய அலகின் பதம் இறங்கும், கோலமும் விளிம்பிலிருந்து விரலளவு அழிந்துபோகும். 1000, 3000 எண் நீர்க்கல் இரண்டு வாங்கி, முதலில் அடுப்படிக் கத்தியில் பழகிக்கொள்ளுங்கள்.

9. பதிவேடு வையுங்கள், சட்டைப்பையில் வைக்காதீர்கள்

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு தாள்: வாங்கிய நாள், விலை, கட்டிய வரி, அலகின் நீள அகலம், எஃகு, கைப்பிடி, இருபக்கமும் முதுகும் தெரியும் படங்கள். அதோடு ரசீது, வரி ரசீது, செய்தவரின் சான்றிதழ். பெட்டியும் சான்றிதழும் இல்லாத கத்தியை மறுவிற்பனையில் சேகரிப்பவர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவதும் பெட்டிதான்.

நம்ம மெட்ரோவின் நுழைவுச் சோதனையைக் கத்தியோடு கடக்க முடியாது. தேர்தல் காலத்திலும் பதற்றமான நாள்களிலும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ்த் தடையுத்தரவு வந்தால், கத்தி எடுத்துச் செல்வதும் அதில் அடங்கக்கூடும். மற்றொரு சேகரிப்பாளருக்குக் காட்ட வேண்டியிருந்தால், ரசீது நகலோடு, மூடிய பெட்டியில், பையின் அடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுசெல்கிறேன். பெரும்பாலும் அவரையே வீட்டுக்குக் காப்பிக்கு அழைத்துவிடுகிறேன்.